வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு ரேடார் எதற்கு? தூலே தளத்தின் கதை

கிரீன்லாந்து பற்றிய பேச்சு செய்திகளில் அடிபடும்போதெல்லாம் கூடவே ஒரு ராணுவத் தளத்தின் பெயரும் வருகிறது. பழைய பெயர் தூலே. 2023 ஏப்ரலிலிருந்து பிதுஃபிக். "அங்கே அமெரிக்காவின் ராட்சத ரேடார் இருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் ஏவுகணை கிளம்பினாலும் பார்த்துவிடும், அங்கிருந்தே அடித்து வீழ்த்திவிடும்" என்று யூடியூபிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ராட்சத ரேடார் என்பது மட்டும்தான் இதில் சரி. அது உலகத்தின் எல்லா மூலையையும் பார்ப்பதில்லை. ஏவுகணை தரையிலிருந்து கிளம்பும் கணத்தைப் பார்க்கவே முடியாது. எதையும் சுட்டு வீழ்த்துவதும் அதன் வேலை இல்லை. பிறகு என்னதான் செய்கிறது? வருவதைக் கவனித்துச் சொல்கிறது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, ஆனால் "வருகிறது" என்று சொல்வதைவிட, "வருவது போலத் தெரிகிறதே, அது நிஜமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். இந்தத் தளத்தின் வரலாற்றில் பாதி அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியதுதான்.

முதலில் ரேடாரிலிருந்து ஆரம்பிப்போம்.

## ரேடார் பார்ப்பதில்லை, கேட்கிறது

மூணாறு எக்கோ பாயின்ட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கத்தியிருப்பார்கள். நம் குரல் எதிரே உள்ள மலையில் பட்டுத் திரும்பி வரும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கத்திய இரண்டு நொடி கழித்து எதிரொலி வந்தால், போக ஒரு நொடி, வர ஒரு நொடி. ஆகவே மலை 340 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ரேடார் செய்வதும் இதே கணக்குத்தான். குரலுக்குப் பதில் ரேடியோ அலை. அது ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 1,500 கி.மீ. தள்ளியிருக்கும் பொருளில் பட்டு எதிரொலி திரும்பிவர நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும்.

ரேடார் தொடர்ந்து கத்திக்கொண்டே இருப்பதில்லை. சட்டென்று ஒரு கத்தல், பிறகு சற்று நேரம் அமைதியாகக் காது கொடுத்தல், மறுபடி ஒரு கத்தல். அந்த ஒவ்வொரு சின்னக் கத்தலுக்கும் துடிப்பு என்று பெயர். அலையை அனுப்பி வாங்கும் அலைவாங்கி (ஆன்டெனா) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதை வைத்துத் திசை தெரியும். எதிரொலி வர ஆன நேரத்தை வைத்துத் தூரம் தெரியும்.

அடிப்படையில் அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ரேடார் படம் பிடிப்பதில்லை. அதன் பக்கம் நின்று பார்த்தால், விமானமும் ஒரு எதிரொலி, பறவைக் கூட்டமும் ஒரு எதிரொலி. எது எது என்று பிரித்துச் சொல்வது ரேடாருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கணினியும் மனிதனும். ரேடார் பற்றிய பெரும்பாலான தப்பான பேச்சுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

## பூமி குறுக்கே நிற்கிறது

ரேடியோ அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்வை போகப்போக, தரை நம் பார்வைக்கோட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. பார்வைக்கோடு தரையைத் தொட்டுச் செல்லும் அந்த எல்லைதான் அடிவானம். அதற்கு அப்பால் தரையோடு தரையாக இருக்கும் எதுவும் இந்த வகை ரேடாருக்குத் தெரியாது, அது எவ்வளவு சக்திவாய்ந்ததாக இருந்தாலும் சரி.

300 மீட்டர் உயரமுள்ள குன்றின் மேல் ரேடாரை வைத்தால்கூட, கடல் மட்டத்தில் வரும் கப்பல் சுமார் 70 கி.மீ.க்குள் வந்தால்தான் அகப்படும். கிரீன்லாந்தில் இருந்துகொண்டு ரஷ்யாவில் ஏவுகணை கிளம்புவதை ரேடார் பார்க்கிறது என்பதெல்லாம் அதனால்தான் நடக்காத கதை.

ஆனால் ஏவுகணை தரையோடு தரையாக வருவதில்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை முதல் சில நிமிடங்கள் மட்டுமே எரிபொருளை எரிக்கும். அதன்பின் எறிந்த கல்லைப் போல வளைந்து, 1,000 கி.மீ.க்கும் மேலே விண்வெளிக்குள் போய்த் திரும்பி விழும். 1,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் பொருள், 3,700 கி.மீ. தள்ளியிருப்பவருக்கும் அடிவானத்துக்கு மேலே தெரியும். தூலே ரேடாரின் ரகசியம் இவ்வளவுதான்: ஏவுகணை எழும் இடத்தை அது பார்ப்பதில்லை, எழுந்து உயரே வந்த பிறகு எட்டிப் பிடிக்கிறது.

இதுவரை பார்த்தது: ரேடார் எதிரொலியின் நேரத்தைக் கணக்கிட்டுத் தூரம் சொல்கிறது, அடிவானத்துக்குக் கீழே அது குருடு, உயரப் பறப்பதை மட்டும் வெகு தூரத்திலிருந்து கண்டுகொள்கிறது.

## ஏன் அவ்வளவு வடக்கே?

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ரஷ்யா வலது பக்கம், அமெரிக்கா இடது பக்கம், நடுவே அட்லாண்டிக். அதைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, சண்டை என்று வந்தால் ஏவுகணை ஐரோப்பாவைத் தாண்டி மேற்கே போகும் என்றுதான் தோன்றும். உருண்டையில் நிலைமை வேறு. 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவம் வழியாக வந்து செய்தியானது நினைவிருக்கலாம். துருவத்தைத் தொட்டு வரவேண்டும் என்ற ஆசையில் அந்தப் பாதையை எடுக்கவில்லை. உருண்டையின் மேல் அதுதான் குறுக்குவழி.

சோவியத் நிலப்பரப்பின் நடுவிலிருந்து அமெரிக்கப் பெருநகரங்களுக்குக் குறுக்குவழியும் துருவத்தை ஒட்டித்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத் திட்டக்காரர்கள் உருண்டையைத் திருப்பி உச்சியிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பார்த்தால், வடமேற்கு கிரீன்லாந்து மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவழியில் வந்து நிற்கிறது.

தூலே இருக்கும் இடம் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 1,200 கி.மீ.; வடதுருவத்திலிருந்து சுமார் 1,500 கி.மீ. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாது. கோடையில் மாதக்கணக்கில் மறையாது. 1972 மார்ச் 8 அன்று அங்கே அடித்த புயல்காற்றின் வேகம் மணிக்கு 333 கி.மீ. என்று பதிவாகியிருக்கிறது. நம் ஊரைப் பலமாகப் புரட்டிப்போட்ட புயல்கள் பலவற்றில்கூட அந்த வேகத்தில் பாதி அடித்தாலே பெரிது.

## உறைந்த மண்ணில் ஒரு ஊர்

கிரீன்லாந்து டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டது. 1940-ல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டது. வாஷிங்டனில் இருந்த டென்மார்க் தூதர் ஹென்ரிக் காஃப்மன், சொந்த அரசின் சம்மதம் இல்லாமலே 1941 ஏப்ரலில் அமெரிக்காவோடு கையெழுத்துப் போட்டு, கிரீன்லாந்தில் தளங்கள் அமைக்க அனுமதி கொடுத்துவிட்டார். துணிச்சலான காரியம்தான். போர் முடிந்த பிறகு 1951 ஏப்ரல் 27 அன்று இரண்டு நாடுகளும் முறையாக ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்றைக்கும் நடப்பில் உள்ளது அதே ஒப்பந்தம்தான்.

அதே கோடையில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்திலிருந்து சுமார் 120 கப்பல்களும் 12,000 ஆட்களும் வடக்கே கிளம்பினார்கள். ஆபரேஷன் புளூ ஜே என்று பெயர். அடுத்த ஆண்டு வரைக்கும் வெளியுலகத்துக்கு இது தெரியாது. கடல் உறைந்து கிடக்கும் ஊர் என்பதால், கோடையில் பனி விலகும் சில வாரங்களுக்குள் வேலையைப் பார்த்தாக வேண்டும். ராத்திரி என்ற ஒன்றே இல்லாத பருவம். முறைபோட்டு இருபத்துநாலு மணி நேரமும் வேலை நடந்தது. 3 கி.மீ. நீளமுள்ள விமான ஓடுதளம் அப்படித்தான் உருவானது.

கட்டியவர்களுக்குப் பெரிய தலைவலி வெளியே இருந்த குளிரைவிட வீட்டுக்குள் இருந்த கதகதப்புதான். அங்கே மண் ஆண்டு முழுக்க உறைந்தே இருக்கும். கோடையில் மேலே கொஞ்சம் மட்டும் இளகும். இதை நிரந்தர உறைமண் என்பார்கள். உறைந்திருக்கும் வரை அது பாறை மாதிரி தாங்கும். அதன் மேல் சூடேற்றிய கட்டடத்தை வைத்தால் சூடு கீழே இறங்கி, மண் சேறாகி, கட்டடம் ஒரு பக்கமாக அமிழும். அதனால் வீடுகளைத் தரையில் வைக்காமல் கால்களின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். அடியில் குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். கனமான விமானக் கொட்டகைகளைத் தூக்கி நிறுத்த முடியாதே? அவற்றின் தரைக்கு அடியில் குழாய்களைப் பதித்து, குளிர்காலக் காற்றை உள்ளே ஓடவிட்டார்கள். மேலே ஆட்கள் குளிர்காயவும், கீழே மண் உறைந்தே இருக்கவும் ஒரே நேரத்தில் ஏற்பாடு!

இதில் ஒரு விஷயத்தைப் பல கட்டுரைகள் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகின்றன. அந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. இனுகுவிட் என்ற ஆர்க்டிக் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கடல்நாயும் வால்ரஸும் வேட்டையாடி வாழ்ந்தார்கள். க்னுட் ராஸ்முஸன் என்ற ஆய்வுப்பயணி 1910-ல் அங்கே ஒரு வணிக நிலையத்தைத் தொடங்கி, தூலே என்று பெயர் வைத்ததும் அவர்களை நம்பித்தான். 1953-ல் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வைக்க இடம் வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. மே மாதம், சில நாள் அவகாசத்தில், 27 குடும்பங்களைக் கிளம்பச் சொன்னார்கள். நூறு கி.மீ.க்கு மேல் வடக்கே, கானாக் என்ற இடத்துக்கு நாய்வண்டிகளில் போனார்கள். போன இடத்தில் வீடு கட்டி முடியவில்லை. கூடாரத்தில் கோடையைக் கழித்தார்கள்.

தேதியைக் கவனிக்க வேண்டும். 1953 ஜூன் 5 அன்று டென்மார்க்கின் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து, கிரீன்லாந்து காலனி என்ற நிலையிலிருந்து நாட்டின் சம பகுதியாகிறது. இவர்களை அப்புறப்படுத்தியது அதற்குச் சில நாட்கள் முன்பு. அவர்களே விரும்பிப் போனார்கள் என்று வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1999-ல் டென்மார்க் நீதிமன்றம் அது கட்டாய வெளியேற்றம்தான் என்று தீர்ப்பளித்தது. பிரதமர் பவுல் நிருப் ராஸ்முஸன் மன்னிப்புக் கேட்டார். திரும்பிப் போகும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை; 2003-ல் உச்ச நீதிமன்றமும் அதை மறுத்தது.

## ஏவுகணை வந்ததும் வேலை மாறியது

ஆரம்பத்தில் தூலே ஒரு குண்டுவீச்சு விமானத் தளம். அமெரிக்க விமானங்கள் எரிபொருள் நிரப்பவும், எதிரி விமானங்கள் வந்தால் தடுக்கவும்தான் அதைக் கட்டினார்கள். அலாஸ்காவிலிருந்து கனடா வழியாக ஆர்க்டிக் நெடுகிலும் வரிசையாக ரேடார் நிலையங்கள் வைத்த 'டியூ லைன்' என்ற இன்னொரு திட்டம் 1957-ல் செயல்பட ஆரம்பித்தது. அதுவும் விமானங்களைக் கவனிக்கத்தான். பலர் அதையும் தூலேயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

அந்த 1957-லேயே ஆட்டம் மாறிவிட்டது. ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஆர்-7 ஏவுகணையை வெற்றிகரமாகச் சோதித்தது. அக்டோபரில் அதே ராக்கெட் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றியது. விமானம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். ஏவுகணைக்கு அரை மணி நேரம். டியூ லைன் ரேடார்கள் அவ்வளவு உயரத்துக்கும் வேகத்துக்கும் ஆனவை அல்ல.

ஆகவே மூன்று இடங்களில் புதிய வகை ரேடார் நிலையங்கள் எழுந்தன: தூலே, அலாஸ்காவில் கிளியர், இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஃபைலிங்டேல்ஸ். ஏவுகணை முன்னெச்சரிக்கை அமைப்பு என்பது இந்த மூன்றும் சேர்ந்ததுதான். முதலில் 1960-ல் கண் விழித்தது தூலே.

அங்கே நிறுத்திய நான்கு அலைவாங்கிகளும் ஒவ்வொன்றும் சுமார் 50 மீட்டர் உயரம், 120 மீட்டர் அகலம். சினிமாவில் வருகிற மாதிரி சுற்றுகிற தட்டு இல்லை. அசையாத வளைந்த சுவர்கள். ஒவ்வொரு சுவரும் அடிவானத்துக்குச் சற்று மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று என இரண்டு மெல்லிய அலை விரிப்புகளை வானில் பரப்பியது. கீழிருந்து எழும் ஏவுகணை முதலில் கீழ் விரிப்பைக் கிழித்துக்கொண்டு போகும். சில நொடி கழித்து மேல் விரிப்பை. இரண்டு புள்ளியும் இடையே ஆன நேரமும் கிடைத்துவிட்டால் போதும். எரிபொருள் தீர்ந்த ஏவுகணை இனி புவியீர்ப்புக்கு மட்டுமே கட்டுப்பட்டது. எங்கிருந்து வந்தது, எங்கே விழும் என்பது இரண்டுமே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவை. அந்தக் கணக்கை ஐபிஎம் 7090 கணினிகள் போட்டன. அன்றைக்கு உலகத்தின் வேகமான கணினிகளில் அவை அடக்கம். இதனால் கிடைக்கும் அவகாசம் சுமார் 15 நிமிடம். அதற்குள் குண்டுவீச்சு விமானங்களைத் தரையிலிருந்து கிளப்ப வேண்டும்.

## நிலவு தந்த அதிர்ச்சி

1960 அக்டோபர் 5. தூலே ரேடார் வேலைக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கொலராடோவில் இருந்த வட அமெரிக்க வான் பாதுகாப்புத் தலைமையகமான நோராடின் திரையில் எச்சரிக்கை அளவு மளமளவென்று ஏறி உச்சத்தைத் தொட்டது. தூலேயிலிருந்து வந்த தகவல்படி, ஏவுகணைகள் திரளாக வந்துகொண்டிருந்தன.

வந்துகொண்டிருந்தது நிலவு. அடிவானத்துக்கு மேலே உதித்து, ரேடாரின் அலை விரிப்புக்குள் வந்துவிட்டது.

நிலவு 3,84,000 கி.மீ. தூரத்தில் இருக்கிறதே, அதைப் போய் ஏவுகணை என்று எப்படி நினைக்க முடியும் என்று கேட்கலாம். மறுபடி எக்கோ பாயின்ட்டுக்கே வருவோம். நீங்கள் ஒவ்வொரு நொடியும் விடாமல் "ஓ" என்று கத்துகிறீர்கள். எதிரே உள்ள மலையின் எதிரொலி அரை நொடியில் வருகிறது. அடுத்த கத்தலுக்கு முன்பே வந்துவிடுவதால் குழப்பமில்லை. அதோடு வெகு தூரத்தில் இன்னொரு மலை. அதன் எதிரொலி வர பத்தரை நொடி ஆகிறது. அது காதில் விழும்போது நீங்கள் மேலும் பத்து முறை கத்தி முடித்திருப்பீர்கள். கடைசியாகக் கத்தி அரை நொடிதானே ஆயிற்று, ஆக மலை பக்கத்தில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

தூலே ரேடார் ஒரு நொடிக்குச் சுமார் 27 துடிப்புகள் அனுப்பியது. இரண்டு துடிப்புக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் அலை 5,500 கி.மீ. தூரம் போய்த் திரும்பலாம். ஏவுகணைகளுக்கு அது தாராளம். நிலவுக்குப் போய் எதிரொலி திரும்ப இரண்டரை நொடி வேண்டும். அதற்குள் எழுபதுக்கு நெருக்கமான துடிப்புகள் கிளம்பிப் போய்விட்டன. அவ்வளவு தூரத்திலிருந்து எதிரொலி வரும் என்று கணினிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது நிலவின் தூரத்தை 5,500-ஆல் வகுத்து மிச்சத்தை மட்டும் தூரமாகக் காட்டியது போல ஆயிற்று. எதிரொலியோ நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. கணினியின் கணக்கில் அது ஓராயிரம் ஏவுகணை.

ரேடார் கெட்டுப்போகவில்லை என்பதுதான் இதில் விசேஷம். சொல்லப்போனால், நிலவின் எதிரொலியையே பிடிக்கும் அளவுக்கு அது நன்றாக வேலை செய்தது. தவறியது, எதிரொலியைப் படித்த விதம்.

அன்றைக்குக் காப்பாற்றியது இயந்திரம் இல்லை. நோராடின் துணைத் தளபதியாக இருந்த கனடா விமானப்படை அதிகாரி ராய் ஸ்லெமன், குருஷ்சேவ் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தார். சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார். தன் தலைவர் உட்கார்ந்திருக்கும் நகரத்தின் மேலேயா குண்டு போடுவார்கள்? அதற்குள் எதுவும் வந்து விழவும் இல்லை. பிறகு நிலவின் எதிரொலியை அடையாளம் கண்டு ஒதுக்க ஏற்பாடு செய்தார்கள்.

சுருக்கமாக: எதிரொலி உண்மையாக இருந்தாலும் அதற்குக் கொடுக்கும் பொருள் பொய்யாகலாம். ஒரே ஒரு ரேடாரின் பேச்சை மட்டும் நம்பினால் ஆபத்து.

## ரேடாருக்கே ஒரு காவல்

நிலவு பொய்யான சத்தம் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்தது இன்னும் மோசமான சிக்கல்: சத்தமே இல்லை.

1961 நவம்பர் 24 இரவு, குண்டுவீச்சுப் படையின் தலைமையகத்துக்கும் தூலேக்கும் இடையே தொடர்பு அறுந்தது. தூலே மட்டுமில்லை, நோராடுக்குப் போகும் இணைப்பும் அதே நேரத்தில் செத்துவிட்டது. எதிரி முதலில் குத்துவது கண்ணைத்தான் என்று எல்லாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விமானிகள் விமானத்தில் ஏறித் தயாராக உட்கார்ந்தார்கள். கடைசியில் பார்த்தால், ஒன்று போனால் இன்னொன்று என்று தனித்தனியாக வைத்ததாக நினைத்த இணைப்புகள் எல்லாம் கொலராடோவில் ஒரே ஒரு இடைநிலையம் வழியாகப் போயிருந்தன. அங்கே ஒரு மோட்டார் சூடாகி நின்றுவிட்டது.

அன்றைக்குத் தூலே பத்திரமாக இருக்கிறது என்று உறுதி சொன்னது, அதன் மேலே வானில் வட்டமடித்துக்கொண்டிருந்த பி-52 விமானம். ரேடார் தளம் உயிரோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்கென்றே அணுகுண்டு சுமந்த விமானம் ஒன்றை அங்கே பறக்கவிட்டிருந்தார்கள். கேட்டால் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அன்றைய கணக்குப்படி அதில் நியாயம் இருந்தது. தொடர்பு அறுந்ததற்குக் காரணம் கம்பியா குண்டா என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த நியாயத்துக்குக் கொடுத்த விலை 1968 ஜனவரி 21 அன்று தெரிந்தது. அப்படிக் காவல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பி-52-க்குள், சூடான காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கைக்கு அடியில் செருகி வைத்திருந்த நுரைமெத்தைகள் தீப்பிடித்தன. புகை மண்டி, மின்சாரம் போய், ஏழு பேரில் ஆறு பேர் குதித்துப் பிழைத்தார்கள், ஒருவர் இறந்தார். விமானம் தளத்துக்கு மேற்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில் உறைந்த கடல்மேல் விழுந்தது. உள்ளே நான்கு ஹைட்ரஜன் குண்டுகள். அவற்றுள் இருந்த சாதாரண வெடிமருந்து வெடித்தது, அணுவெடிப்பு நடக்கவில்லை. ஆனால் புளூட்டோனியம் பனிமேல் சிதறியது. அமெரிக்கர்களும் தளத்தில் வேலை பார்த்த டென்மார்க் தொழிலாளர்களும் இருட்டிலும் குளிரிலும் மாதக்கணக்கில் அந்தப் பனியைச் சுரண்டித் தொட்டிகளில் அடைத்தார்கள். அது கப்பலில் அமெரிக்காவுக்குப் போனது.

தன் மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்பது டென்மார்க்கின் வெளிப்படையான கொள்கை. பிறகு எப்படி அங்கே குண்டு வந்தது? பிரதமர் ஹெச்.சி. ஹன்ஸன் 1957-லேயே அமெரிக்காவுக்கு ரகசியமாகத் தலையாட்டியிருந்தார் என்பது 1995-ல்தான் வெளியே வந்தது. விபத்துக்குப் பிறகு குண்டோடு வானில் சுற்றும் வழக்கம் நின்றது.

## இரண்டு வழி, இரண்டும் வேறு வேறு

1970 முதல் அமெரிக்கா இன்னொரு கண்ணை விண்வெளியில் வைத்தது. ஏவுகணை கிளம்பும்போது வரும் நெருப்பின் வெப்பத்தைப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் அவை. இவற்றுக்கு அடிவானத் தடை கிடையாது. கிளம்பிய நிமிடமே தெரிந்துவிடும். அப்படியானால் தூலேயை மூடியிருக்கலாமே?

மூடாததற்குக் காரணம் முன்னே சொன்ன நிலவுக் கதைதான். செயற்கைக்கோள் வெப்பத்தைப் பார்க்கிறது. ரேடார் பொருளில் பட்ட எதிரொலியைக் கேட்கிறது. ஒன்றை ஏமாற்றும் காரணம் மற்றதை ஏமாற்றாது. மேகத்தில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளி வெப்ப உணரியைக் குழப்பலாம், ரேடாரைக் குழப்பாது. இப்படி வேறு வேறு இயற்பியல் வழிகளில் பார்த்த இரண்டும் ஒத்துப்போனால்தான் எச்சரிக்கையை நம்புவது என்பதை இரட்டை உறுதிப்பாடு என்று சொல்லலாம்.

1979 நவம்பர் 9 அன்று இது கைகொடுத்தது. நோராட் கணினிகளில் பெரும் தாக்குதல் நடப்பதாகத் தெரிந்தது. பயிற்சிக்காக வைத்திருந்த போலித் தரவு நிஜமான திரைகளுக்குப் போய்விட்டிருந்தது. முன்னெச்சரிக்கை ரேடார்களைக் கேட்டபோது வானம் காலியாக இருப்பதாகப் பதில் வந்தது. சில நிமிடங்களில் பதற்றம் தணிந்தது. "ஒன்றும் இல்லை" என்று தைரியமாகச் சொல்வதற்காகவும்தான் ரேடார் தளம் வேண்டியிருக்கிறது.

## அசையாத சுவர், திரும்பும் அலை

1987-ல் தூலேயின் பழைய சுவர்களுக்குப் பதில் புதுவகை ரேடார் வந்தது. இரண்டு சாய்ந்த முகங்கள் கொண்ட ஒரு கட்டடம். ஒவ்வொரு முகத்திலும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அலைவாங்கிகள். எல்லாம் ஒரே கணத்தில் அலையை அனுப்பினால், அலை நேர் எதிரே போகும். இடப்பக்கம் இருப்பவை இம்மியளவு நேரம் முன்னே, வலப்பக்கம் இருப்பவை இம்மியளவு நேரம் பின்னே அனுப்பினால், எல்லா அலைகளும் சேர்ந்த மொத்த அலை வலப்பக்கமாகச் சாயும். கட்டடம் அசையவே வேண்டாம். இந்த ஏற்பாட்டுக்குக் கட்டவரிசை ரேடார் என்று பெயர். நொடிக்குள் பார்வையை எங்கு வேண்டுமானாலும் திருப்பலாம். ஒரே நேரத்தில் பல பொருள்களைத் தொடரலாம். ஒரு முகம் 120 பாகை. இரண்டும் சேர்ந்து 240 பாகை. முழு வட்டமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "உலகம் முழுக்கப் பார்க்கும்" என்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஏவுகணை வராத நாளில் அது சும்மா இருப்பதில்லை. துருவச் சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு சுற்றிலும் வடக்கே வந்துதான் ஆகவேண்டும். அவற்றையும் விண்வெளிக் குப்பையையும் கணக்கெடுப்பதுதான் அதன் அன்றாட வேலை. ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் தடுப்பு ஏவுகணைகள் இருப்பது அலாஸ்காவிலும் கலிஃபோர்னியாவிலும். தூலே அவற்றுக்குத் தகவல் கொடுக்கும், அவ்வளவுதான்.

இப்போது தளம் விமானப்படையிடமிருந்து அமெரிக்க விண்வெளிப் படையின் கைக்கு மாறியிருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் பல ஆயிரம் பேர் இருந்த இடத்தில் இன்று சில நூறு பேர். 2025 மார்ச்சில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் போய்வந்ததும், அவர் பேச்சிலிருந்து விலகி நிற்கும் விதமாக ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிய தளபதி அடுத்த மாதம் பதவி நீக்கப்பட்டதும் செய்தியானது. ரேடாருக்காக அமெரிக்கா கிரீன்லாந்தையே வாங்கியாக வேண்டும் என்ற வாதத்தை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. 1951 ஒப்பந்தமும், அதைத் திருத்திய 2004 ஒப்பந்தமும் ரேடாரை வைக்கவும் புதுப்பிக்கவும் ஏற்கெனவே வழிசெய்திருக்கின்றன.

உண்மையான சிக்கல் நில உரிமையில் இல்லை, அடிவானத்தில் இருக்கிறது. ரஷ்யாவும் சீனாவும் உருவாக்கியிருக்கும் ஒருவகை ஆயுதம், ராக்கெட்டில் ஏறி மேலே போய், பிறகு வளிமண்டலத்தின் மேல்விளிம்பில் சறுக்கியபடி, வழியில் திசைமாறி வரக்கூடியது. 1,000 கி.மீ. உயரத்தில் வருவதை 3,700 கி.மீ. தூரத்தில் பிடிக்கும் ரேடாருக்கு, 50 கி.மீ. உயரத்தில் வருவது 800 கி.மீ.க்குள் வந்தால்தான் தெரியும். திசைமாறி வருவதால், இரண்டு புள்ளியை வைத்து விழும் இடத்தைச் சொல்லும் பழைய கணக்கும் உதவாது. அலைவாங்கியைப் பெரிதாக்கினாலும் இது தீராது. அதனால்தான் அமெரிக்கா இப்போது தாழ்வான சுற்றுப்பாதையில் நிறைய செயற்கைக்கோள்களை நிறுத்தி, மேலிருந்து கீழே பார்த்துத் தொடர்வதற்கு முயல்கிறது.